கைக்கருவியும் மூங்கிற் கழியும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்தபோது அப்பகுதியில் மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் ஊமையாகியிருந்தன. வேதாரண்யத்தை அடுத்த சிற்றூரில் இருந்த பெற்றோர் உயிரோடு இருக்கின்றனரா என்று அறிய நம் மாணவர் ஒருவர் விழுந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார். திரும்பி வந்தவர் நம்மிடம் கேட்டது இது: “ஐயா, இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாக்கிடாக்கி கிடைக்கிறதாம். ஆளுக்கொன்று வாங்கி வைத்தால் அடுத்த புயலுக்கு உதவும் அல்லவா?”

கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டப் பொறுப்பு அப்போது நம்மிடம் இருந்தது. வினவியது நம்மிடம் என்பதால் விடை தேடுவதும் நம் கடனாயிற்று. தமிழாசிரியருக்கு வானொலிப் பொறியியல் வராது. வரலாறு ஓரளவு வரும். எனவே அவ்வழியாகவே தேடினோம். எதை வாங்கலாம் என்ற கேள்விக்கு, விலைப்பட்டியலைக் காட்டிலும் வரலாறே தெளிவாக விடை சொன்னது.

ஹாம் வானொலி எனப்படும் தன்னார்வ வானொலி நம் நாட்டிற்குப் புதிதன்று. 1921இலேயே கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா உரிமம் பெற்றுவிட்டார். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய சென்னை மாகாண வானொலிக் கழகம் பொழுதுபோக்காளர் சிலரின் ஆர்வத்தை மட்டும் முதலாகக் கொண்டு ஒலிபரப்பு நடத்தியது. 1927இல் பணமின்றி நிறுத்த நேர்ந்தது. பின்னர் 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. 1939இல் போர் மூண்டதும் தன்னார்வலரின் உரிமங்கள் அனைத்தையும் அரசு பறித்தது. 1942இல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் ஒளித்து நடத்திய காங்கிரஸ் வானொலியை நினைத்தால் அந்த அச்சத்தின் காரணம் புரியும். ஒலிபரப்பும் கருவி யார் கையில் இருக்கிறது என்று அரசுகள் இன்றளவும் கேட்கின்றன. இதனை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். பின்னர் மீண்டும் வருவோம்.

கையில் ஏந்திப் பேசும் கருவியும் ஒரு பொழுதுபோக்காளரின் மேசையிலிருந்து வந்ததே. அல் கிராஸ் என்னும் இளைஞர் 1938இல், தம் இருபதாம் வயதில், அமெரிக்காவில் அத்தகைய ஒன்றைச் செய்தார். கனடாவின் டொனால்ட் ஹிங்ஸும் அதே காலத்தில் இம்முயற்சியில் இருந்தார். முன்னோடி யார் என்னும் வழக்கை நாம் தீர்க்கப் போவதில்லை. இரண்டாம் உலகப் போரில் மோட்டரோலா நிறுவனம் செய்த எஸ்.சி.ஆர்-536 என்னும் கருவி நமக்கு முக்கியமானது. ஏறத்தாழ இரண்டே கால் கிலோ எடை. ஒரு வாட்டிற்கும் குறைந்த ஆற்றல். நிலத்தில் எட்டியது ஏறக்குறைய ஒரு மைல். அதற்குத் தனியாகத் திறப்பு விசை கிடையாது. ஆன்டெனாவை இழுத்து நீட்டினால்தான் கருவி உயிர்பெறும். படைவீரன் மறந்தாலும் கருவி மறக்கவிடாது.

பின்வந்த காலம் இதை மறந்தது. நீண்ட கம்பி சட்டைப்பையில் குத்துகிறது, கதவில் மாட்டுகிறது. 1958இல் ரிச்சர்ட் ஜான்சன், கம்பியைச் சுருளாக்கி ரப்பர் உறையிட்ட குட்டை ஆன்டெனாவை உருவாக்கினார். இன்று கடையில் வாங்கும் கைக்கருவியின் தலையில் நிற்பது அதன் வழித்தோன்றலே. 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கால் அலைநீளம் ஏறத்தாழ அரை மீட்டர். ரப்பர் குட்டையோ ஒரு சாண் கூட இராது. வசதிக்காக ஆற்றலைத் தத்தம் செய்த ஏற்பாடு அது.

விலை குறைந்த கதை அண்மையது. ஜப்பானிய நிறுவனங்களின் கைக்கருவிகள் நெடுங்காலம் நடுத்தர ஊதியக்காரருக்கு எட்டாதிருந்தன. 2012இல் சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்து பாவோஃபெங் நிறுவனம் யு.வி-5ஆர் என்னும் கருவியை வெளியிட்டது. வானொலியின் பெரும்பகுதி வேலையை ஒரே சில்லுக்குள் அடக்கியதால், முப்பது நாற்பது டாலருக்கு 4 வாட் ஆற்றலும் இரு அலைவரிசைப் பட்டைகளும் ஏழைத் தன்னார்வலர் கைக்கும் வந்தன. ஆனால் மலிவுக்கு விலை உண்டு. அருகில் வலிய ஒலிபரப்பு இருந்தால் இவ்வகைக் கருவியின் செவி அடைத்துக்கொள்கிறது. அமெரிக்க ஹாம் சங்கத்தின் ஆய்வுக்கூடச் சோதனைகளில் இவற்றுள் பல, வேண்டாத அலைவரிசைகளிலும் கசிந்து தேறாமற் போயின. விசைப்பலகையில் எண்களைப் பதிப்பதும் பொறுமையைச் சோதிக்கும். கணினி வழி பதிக்கலாம்தான். புயலன்று கணினிக்கு மின்சாரம் ஏது? இவ்வளவு சொல்லியும், கற்பவருக்கு இது போதும் என்பதே நம் கருத்து. 8 வாட் கருவிக்கு இருமடங்கு பணம் தருவது வீண். ஆற்றல் இரட்டித்தாலும் மறுமுனையில் கேட்பவர் பெரிய வேறுபாட்டை உணரமாட்டார். சாதாரண ஏ.ஏ. மின்கலங்களைப் போட்டு இயக்கும் பெட்டி கிடைத்தால் அதை வாங்குவது மேல்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. இக்கருவிகளின் அலை நேர்கோட்டில் செல்வது, பூமியோ வளைந்தது. சங்கப் புலவர் பெரும்பாணாற்றுப்படையில் காட்டும் கடற்கரை மாடத்து விளக்கு ஏன் வான் தொட நிற்கிறது? தொலைவிலுள்ள கலத்திற்குத் தெரிவதற்காக. வானொலிக்கும் அதே நியாயம். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நின்று பேசும் ஒருவரது கருவி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். எட்டுவது 5 கிலோமீட்டர். எதிரில் இருப்பவருக்கும் 5. ஆகப் பத்து, மரமும் வீடும் குறுக்கிட்டால் இரண்டு, மூன்று. நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் நேர்கோட்டில் 44 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஆளுக்கொரு கருவி வாங்கியிருந்தாலும் அம்மாணவர் நடந்தே போயிருப்பார். ஆன்டெனா இருமுனையிலும் 30 மீட்டர் உயரத்தில் நின்றால் மட்டுமே கணக்கு 45ஐத் தொடுகிறது.

கடல் கடந்த தொலைவு என்றால் கைக்கருவியை மறந்துவிட வேண்டியதுதான். 2004 டிசம்பரில் தேசியத் தன்னார்வ வானொலி நிறுவனத்தின் சார்பில் பாரதி பிரசாத் அந்தமான் சென்றிருந்தார். அரிதாகவே அனுமதி கிடைக்கும் தீவு அது. உலகெங்குமுள்ள ஹாம்கள் அங்கிருந்து வரும் குரலுக்காகக் காத்திருந்தனர். போர்ட் பிளேயர் விடுதியில் நிலையம் அமைத்து ஆயிரக்கணக்கானோரோடு பேசிக்கொண்டிருந்தவர், 26ஆம் தேதி காலை நிலம் நடுங்கியபின் அதே கருவிகளைப் பேரிடர்ச் செய்திகளுக்குத் திருப்பினார். தீவினர் நலச்செய்திகள் பெருநிலத்திற்கு அவ்வழியே சென்றன. இலங்கையிலும் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தது ஹாம்களின் சிற்றலைதான். வானடுக்கில் பட்டுத் திரும்பும் அலை அது. அதற்கு மேசைக் கருவியும் நீண்ட கம்பியும் வேண்டும். பாரதி பேரிடருக்கு ஆயத்தமாகிப் போனவரல்லர், விளையாட்டுக்குப் போனவர். நாள்தோறும் விளையாடியதால் கருவி பழுதின்றி இருந்தது, கையும் பழகியிருந்தது.

ஆக, அடுத்தடுத்த ஊர்களுக்குக் கைக்கருவி. அதிலும் பணத்தை ஆன்டெனாவில் போடவேண்டும். முதற்படி செலவே இல்லாதது: அரை மீட்டர் மின்கம்பித் துண்டை ஆன்டெனாவின் அடியில் உலோகப் பகுதியோடு பிணைத்துத் தொங்கவிட்டால் குட்டை ஆன்டெனாவும் சற்றே திருந்தும். ஒன்றேகால் அடி நீளமுள்ள மெல்லிய ஆன்டெனா அடுத்த படி. போலிகள் மலிந்த சந்தை என்பதால் எச்சரிக்கை தேவை. நாம் பரிந்துரைப்பது மூன்றாவது. தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடியிலிருந்து தொலைக்காட்சிக்கு இறங்கிய பட்டை வயர் நினைவிருக்கிறதா? அதில் ஒன்றரை மீட்டர் அளவு வெட்டி, ஜே-போல் என்னும் ஆன்டெனாவை மாணவரே செய்யலாம். சுருட்டிப் பையில் வைத்து, வேண்டும்போது உயரத்தில் கட்டித் தொங்கவிடலாம். கேபிளில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது: ஆர்.ஜி-58 என்னும் மெல்லிய கேபிள் நூறு அடி நீண்டால், அனுப்பும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கை வழியிலேயே விழுங்கிவிடும். மாடியிலேயே அமர்ந்து முப்பது அடிக் கேபிளோடு பேசுவது நன்று.

இனி உரிமம். தேர்வெழுதி அரசிடம் உரிமமும் அழைப்புக்குறியும் பெறாதவர் இதை வைத்திருப்பதே நம் நாட்டில் குற்றம். இணையத்தில் விற்கப்படுவதால் மட்டும் ஒன்று சட்டப்படியானது ஆகிவிடாது; 2025இல் வாக்கிடாக்கிகளின் இணைய விற்பனைக்கென்றே அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட நேர்ந்தது. இக்கருவிகள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை தடையின்றிப் பேசும். நம் தன்னார்வலருக்கு ஒதுக்கப்பட்டதோ அதில் 144 முதல் 146 வரை மட்டுமே. மற்றவை பிறர் நிலம். மீட்புப் பணியின் நடுவே அங்கே தெரியாமல் நுழைபவர் உதவியவராகமாட்டார்.

பத்துக் கருவிக்குச் சேர்த்த பணத்தில் இரண்டுதான் வாங்கினோம், அதுவும் இரு மாணவர்கள் தேர்வில் வென்று உரிமம் பெற்ற பின்னர். எஞ்சியதில் கேபிளும் இணைப்பிகளும் மின்கலப் பெட்டியும் வந்தன. தென்னையில் கட்டலாம் என்றால் கஜா எங்கே தென்னையை விட்டுவைத்தது? கல்லூரி மாடியில் மூங்கிற் கழி நட்டு, பட்டை வயரை அதன் உச்சியில் கட்டினோம். ரப்பர் குட்டையோடு நான்கு கிலோமீட்டரில் இரைச்சலாய்க் கரைந்த குரல், அன்று மாலை 13 கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஏரிக்கரையில் நின்றவருக்குத் தெளிவாகக் கேட்டது. இருவரும் வாரந்தோறும் ஞாயிறு காலையில் பேசிக்கொள்வதென்று ஏற்பாடு. பெரும்பாலும் கிரிக்கெட்தான் பேசினார்கள். நாம் தடுக்கவில்லை. மூங்கிலின் அடியைக் கறையான் அரித்திருக்கிறது. ஐப்பசிக்கு முன் மாற்றவேண்டும்.