கிளிசரீனிற் கண்ட பச்சை

பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராகத் துவைற்றிஸ் விளங்கிய காலத்தில், 1861இல், ஹக்கலையிற் சிங்கோனாப் பயிர்ச்செய்கை தொடங்கப்பெற்றது. அதன் பட்டையிலிருந்து பெறப்படும் கொயினாவை மலேரியா மருந்தாகவே நாம் அறிவோம். ஒளியியல் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. கட்புலனாகாத ஊதாக்கடந்த கதிர்களை ஏற்று அதன் கரைசல் நீலமாய் ஒளிர்வதை 1852இல் ஆராய்ந்த ஸ்ரோக்ஸ், அத்தோற்றப்பாட்டுக்குப் புளோரொளிர்வு எனப் பெயரிட்டார். அவர் கையாண்ட முறை எளியது. படும் ஒளியை ஒரு நிற வடியினூடு செலுத்தி, அவ்வொளியை முற்றாகத் தடுக்கும் வேறொரு வடியினூடு பொருளை நோக்குதல் வேண்டும். அப்போதும் ஒளி தெரியுமாயின், அதன் நிறம் பொருளினுள்ளேயே மாறியிருத்தல் வேண்டும்.

இம்முறையே பின்னர் கல்கத்தாவில், இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்திற் பயன்பட்டது. ராமனின் வழிகாட்டலில், பாலக்காட்டைச் சேர்ந்த கே. ஆர். இராமநாதன் நீர் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, இரண்டாம் வடியையுங் கடந்து சிறிது ஒளி வந்தது. 1923இல் வெளியான அவ்வாய்வு அதனை மாசினால் விளைந்த 'மெலிந்த புளோரொளிர்வு' என்றது. திரவத்தை மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்கியும் அது மறையவில்லை. 1925இல் கே. எஸ். கிருஷ்ணன் வேறு பல திரவங்களிலும் அதனைக் கண்டார். ஆயினும் பெயர் மாறவில்லை. ஐந்தாண்டுகள் உண்மையை மறைத்து நின்றது கருவிக் குறைபாடன்று, அப்பெயரே என்பது எமது கருத்து.

1928 பெப்ரவரிக்குச் சற்று முன்னர், அங்கு பகுதிநேர ஆய்வாளராயிருந்த வேங்கடேஸ்வரன், மிகத் தூய கிளிசரீன் சிதறிய சூரிய ஒளி வழமையான நீலமாயன்றிப் பச்சையாகத் தோன்றுவதைக் கண்டார். அவ்வொளி வலிமையாக முனைவாக்கப்பட்டுமிருந்தது. திரவங்களின் சாதாரணப் புளோரொளிர்வு அவ்வாறிருப்பதில்லை. மாசுதான் காரணமெனின், தூய்மை மிகமிக அது மங்கியிருத்தல் வேண்டுமல்லவா? ராமனும் கிருஷ்ணனும் அறுபது வரையான திரவங்களைச் சோதித்தனர், ஒன்றேனும் விலக்காகவில்லை. பெப்ரவரி 28ஆந் திகதி நிறமாலைகாட்டியில் நோக்கியபோது, படும் ஒளியினின்றும் விலகிய புதிய ஒளி தனித்துத் தெரிந்தது. அதுவரை நிறத்தை அளந்த கருவி பெரும்பாலும் மனிதக் கண்ணே.

1930இல் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. தமது நோபல் உரையில் அவர் இராமநாதனின் ஆய்வையும் கிளிசரீனின் பச்சையையும் எடுத்துரைத்தார். பொதுமக்களுக்கென எழுதப்படும் வரலாறுகளில் கடல் நீலம் தவறாது இடம்பெறுகின்றது. பச்சையும் அதைக் கண்ட பகுதிநேர ஆய்வாளரும் அரிதாகவே காணப்படுகின்றனர்.