நீரில் கிடைத்த தடயம்: சூழல் டி.என்.ஏ. கண்காணிப்பும் சிகாகோ கெண்டை வழக்கும்

உயிரினத்தைப் பிடிக்காமலே, அது நீரிலும் மண்ணிலும் உதிர்த்துவிட்டுப் போன செதில், சளி, கழிவு ஆகியவற்றின் டி.என்.ஏ.வைக் கொண்டு அதன் இருப்பை அறியும் முறை நுண்ணுயிரியலில் பிறந்தது. படிவு மண்ணிலிருந்து நுண்ணுயிர்களின் டி.என்.ஏ.வை நேரடியாகப் பிரிக்கும் வழியை 1987-இல் ஓக்ரம், செய்லர், பார்க்கே மூவரும் வெளியிட்டனர். 2003-இல் வில்லர்ஸ்லெவ் குழு சைபீரிய உறைநிலத்தில் மாமத்தின் தடயத்தையே மீட்டது. ஆனால் இது நிகழ்காலத்தைக் கண்காணிக்கும் கருவியானது 2008-இல்தான். பிரான்சின் குட்டைகளில் வந்தேறியான அமெரிக்கக் காளைத்தவளையை, வெறும் 15 மில்லி நீர் மாதிரிகளைக் கொண்டே ஃபிசெட்டோலா குழு கண்டறிந்தது.

அடுத்த ஆண்டே இம்முறை பெரிய சோதனையைச் சந்தித்தது. நம் ஊர்க் கூட்டு மீன் வளர்ப்புக் குளங்களில் விரும்பி விடப்படும் வெள்ளிக்கெண்டையும் அதன் உறவான பெருந்தலைக் கெண்டையும் 1970-களில் அமெரிக்க மீன் பண்ணைகளுக்குக் கொண்டுவரப்பட்டவை. அங்கிருந்து தப்பி மிசிசிப்பி ஆற்றில் பெருகின. 1900-இல் திறக்கப்பட்ட சிகாகோ கால்வாய் அந்த ஆற்றுப் படுகையைப் பேரேரிகளோடு இணைக்கிறது. மீன்கள் மிச்சிகன் ஏரிக்குள் நுழையாதிருக்கக் கால்வாயில் மின்தடுப்பு அமைக்கப்பட்டிருந்தது.

நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தின் டேவிட் லாட்ஜ் குழுவினர் இரண்டிரண்டு லிட்டராக நீர் எடுத்து, கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, தாளில் தங்கியதைப் பி.சி.ஆர். சோதனைக்கு உட்படுத்தினர். 2009-இல் தடுப்புக்கு அப்பால், ஏரிப் பக்கத்திலேயே, கெண்டையின் டி.என்.ஏ. தென்பட்டது. தடுப்பைப் பழுதுபார்க்க அணைத்தபோது கால்வாயில் மீன்கொல்லி மருந்து கலந்தனர். டன் கணக்கில் மீன்கள் மிதந்தன. தேடிய கெண்டை ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதுவும் தடுப்புக்கு இப்பால்!

கப்பல் மதகுகளை மூடக் கோரி மிச்சிகன் மாநிலம் உச்ச நீதிமன்றம் சென்றது. இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. 2010 ஜூனில் தடுப்பைத் தாண்டிய கலுமெட் ஏரியில் உயிருள்ள பெருந்தலைக் கெண்டை ஒன்று வலையில் சிக்கியது. அப்படியும் அவ்வாண்டு டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் தடை வழங்கவில்லை. 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஆயினும் மீன் பரவும் ஆபத்தைக் கீழ்நீதிமன்றத்தைவிடக் கூடுதலாக மதிப்பிட்டது.

டி.என்.ஏ. கிடைத்தாலே மீன் இருக்கிறது என்று பொருளா என்ற எதிர்த்தரப்பின் ஐயத்தை வெறும் சட்ட வாதம் என்று ஒதுக்க முடியாது. பறவை எச்சம், படகின் அடிப்பாகம், வலை, கழிவுநீர்க் குழாய் எனப் பல வழிகளில் மீனில்லாத இடத்துக்கும் டி.என்.ஏ. வரலாம் என்று கூட்டாட்சி அமைப்புகளின் பிந்தைய ஆய்வே ஒப்புக்கொண்டது. உயிரி செத்ததா, இருக்கிறதா, எத்தனை என்பதையும் டி.என்.ஏ. சொல்வதில்லை. என் பார்வையில், இத்துறைக்கு நெறிமுறைகளைக் கற்பித்தது ஆய்வுக்கூடத்தைவிட இந்த வழக்குதான்.

இங்கிலாந்து 2014-இல் கொண்டை நியூட் என்னும் இருவாழ்விக்கு இம்முறையை ஏற்றபோது விதிகளைக் கறாராக வகுத்தது: ஒரு குளத்தில் 20 இடங்களில் நீர் எடுக்க வேண்டும், அதுவும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 30-க்குள். இந்திய நீர்நிலைகளில் இம்முறையைக் கையாள விரும்பும் துறைகள், கருவி வாங்குவதற்கு முன் இத்தகைய விதிகளை எழுதிக்கொள்ள வேண்டும்.