மங்கல் கண்ணாடிக்குப் பின்னால்

மங்கல் கண்ணாடி தன் வழியே செல்லும் ஒளியை விழுங்கிவிடுவதில்லை; திசைமாற்றிச் சிதறடிக்கிறது. பின்னாலுள்ள பொருளின் உருவம் அழியாமல் கலைந்து மட்டும் போகிறது. கலைந்ததை மீட்கலாம் என்பதை 1966-இல் அமெரிக்காவின் எம்மெட் லீத், ஜூரிஸ் உபாட்னிக்ஸ் இருவரும் ஹோலோகிராம் மூலம் காட்டினர். சிதறிய ஒளியலையைப் பதிவுசெய்து, வந்த தடத்திலேயே அதே கண்ணாடி வழியாகத் திருப்பி அனுப்பினர். உருவம் மீண்டும் கூடியது. கண்ணாடி சற்று நகர்ந்தாலும் முயற்சி வீண்.

கணக்கால் மீட்கும் வழியை வானியலாளர்களே திறந்தனர். காற்றின் கொந்தளிப்பில் விண்மீனின் ஒளி தொலைநோக்கிக்குள் பொடிப்பொடியான புள்ளிக்கோலமாக உடைகிறது. நீண்ட நேரம் படமெடுத்தால் எல்லாம் குழம்பி ஒரே திட்டாகிவிடும். பிரான்சின் அந்துவான் லபேரி, நொடியின் சிறு பங்கில் எடுத்த பல படங்களை ஒவ்வொன்றாக ஃபூரியர் முறையில் அலைக்கூறுகளாகப் பகுத்து, அவற்றின் வலிமைகளுக்குச் சராசரி காண்பதை 1970-இல் முன்மொழிந்தார். 1972-இல் பாலோமரின் 200 அங்குலத் தொலைநோக்கியில் அவரது குழு ஒன்பது விண்மீன்களை அளந்தது.

ஆனால் சராசரி தருவது உருவத்தை அல்ல. உருவத்தை அதன் நகல்மேல் வைத்து நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு பொருந்துகிறது என்ற கணக்கை மட்டுமே தரும். அலைக்கூறுகளின் கட்டம், அதாவது ஒவ்வொன்றின் முகடும் எங்கே விழுகிறது என்பது, தொலைந்திருக்கும். 1978-இல் ஜேம்ஸ் ஃபீனப் இதற்கு வழி கண்டார். ஊகமாக ஒரு படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அளந்த வலிமைகளோடு அதைப் பொருத்த வேண்டும். ஒளி எதிர்மறையாகாது, பொருள் ஓர் எல்லைக்குள் அடங்கும் என்ற நிபந்தனைகளால் திருத்த வேண்டும். கணினி இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் உருவம் மெல்லத் தெளியும். பின்னாளில் சிதறடிக்கும் திரைகளுக்குப் பின்னே பார்க்க உதவிய சாவி இதுவே.

பூட்டு 1988-இல் அகப்பட்டது. சிதறடிக்கும் படலத்தின்மேல் விழும் ஒளியைச் சற்றே சாய்த்தால், மறுபக்கப் புள்ளிக்கோலம் மாறாமல் அப்படியே நகர்கிறது. 'நினைவு விளைவு' எனப்படும் இதை ஷெச்சாவோ ஃபெங்கும் கூட்டாளிகளும் கோட்பாட்டில் கணித்தனர். ஐசக் ஃபிராய்ண்ட் குழு ஆய்வகத்தில் உறுதிசெய்தது. இதனால் பொருளின் அண்டைப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரே கோலத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் பதிக்கின்றன. பதிவான குழப்பத்தை அதன் நகலோடு ஒப்பிட்டால், பொருளை அதன் நகலோடு ஒப்பிட்ட கணக்கே வெளிப்படும். மிச்ச வேலை ஃபீனப்பின் முறைக்கு.

2012-இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகக் குழு, லேசரின் கோணத்தை மாற்றி மாற்றி அளந்து, படலத்துக்கு 6 மில்லிமீட்டர் பின்னே மறைந்திருந்த, சுமார் 50 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒளிரும் பொருளைப் படமாக்கியது. 2014-இல் பாரிஸில் ஓரி காட்ஸும் சில்வான் ஜிகானும் உள்ளிட்ட குழுவுக்கு ஒரே ஒரு படம் போதுமானதாயிற்று. கைப்பேசிக் கேமராவிலும் அது பலித்தது. படலம் தடிக்கத் தடிக்க நினைவு விளைவின் கோண எல்லை சுருங்குவதால், உடலின் ஆழத்துக்கு இம்முறை எட்டுவதில்லை.