அண்ணாச்சியின் நோட்டும் அடுத்தவன் திண்ணையும்

புனேவுக்குப் பொட்டி தட்ட வந்து பதினாலு வருஷமாச்சு. இங்கே எங்க வீட்டுக்குக் கருப்பட்டியும் அப்பளமும் கொண்டு வந்து தருவது ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி. அவருடைய சொத்தே ஒரு நீள நோட்டுதான். எந்த வீட்டில் என்ன வாங்குவார்கள், எப்போது ஊருக்குப் போவார்கள், போன் நம்பர் என்ன, எல்லாம் அதில் இருக்கும். போன வாரம் கேட்டார்: "தம்பி, பையன் இனி நோட்டு வேண்டாம், எல்லாத்தையும் இன்ஸ்டாகிராம்ல போட்டுருவோம்ங்கான். நீங்க என்ன சொல்லுதிய?"

நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. கொஞ்சம் கொசுவர்த்தி சுத்த ஆரம்பித்தேன்.

1978 மே மாதம். இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் காலம். கேரி துர்க் என்பவர் டெக் கம்பெனியின் விற்பனைக்காரர். புது கம்ப்யூட்டரைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே மடலைத் தட்டிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கண்டனம் குவிந்தது, ஆனால் நல்ல வியாபாரமும் ஆனது என்று அவரே பின்னாளில் சொன்னார். உலகின் முதல் எரிதம் இதுதான் என்பார்கள். மின்னஞ்சல் விளம்பரத்தின் பிறப்பே திட்டு வாங்கித்தான் :-)

அடுத்தது நம்ம ஆள். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4-ல் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். பெரிய விளம்பரச் செலவு கிடையாது. போகிற ஒவ்வொரு மடலின் அடியிலும், நீங்களும் இலவசமாக ஒரு கணக்கு தொடங்கலாம் என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஒன்றரை வருஷத்துக்குள் 80 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. தெரிந்தவரிடமிருந்து வரும் மடலுக்கு இருக்கிற மரியாதையே வேறு!

சின்ன வியாபாரிக்கு இது எட்டியது 2001-ல் அட்லாண்டாவில் தொடங்கிய மெயில்சிம்ப் மாதிரி சேவைகளால். 2009-ல் அவர்கள் இலவசத் திட்டமும் கொண்டு வந்தார்கள். அதற்குள் அமெரிக்காவில் 2003-ல் ஒரு சட்டம் வந்திருந்தது: விளம்பர மடலில் அனுப்புகிறவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், 'இனி வேண்டாம்' என்று சொல்ல வழியும் இருக்க வேண்டும். துர்க் செய்ததற்கு 25 வருஷம் கழித்து வந்த பதில்.

அப்புறம்தான் திண்ணைகள் வந்தன. 2004 ஜனவரியில் ஆர்குட். நாமெல்லாம் விழுந்து கிடந்தோமே! 2014 செப்டம்பர் 30-ல் மூடிவிட்டார்கள். 2007 நவம்பரில் ஃபேஸ்புக் வியாபாரிகளுக்கான பக்கங்களைத் திறந்தது. காசு வேண்டாம், கூட்டம் சேர்த்துக்கோ என்றார்கள். கடைக்காரர்களும் சேர்த்தார்கள். 2014 ஜூனில் ஃபேஸ்புக்கே ஒரு விளக்கம் தந்தது: ஒருவர் உள்ளே வரும்போது சராசரியாக 1,500 இடுகைகள் காத்திருக்கின்றன, அதில் சுமார் 300-ஐத்தான் காட்டுகிறோம் என்று. அதாவது, நீங்கள் சேர்த்த கூட்டத்துக்கே உங்கள் குரல் முழுசாகப் போகாது. போக வேண்டுமென்றால் விளம்பரக் காசு கட்டு.

2020 ஜூன் 29-ல் இந்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தடை சரியா தவறா என்பது வேறு கதை. அதை மட்டும் நம்பி வியாபாரம் பார்த்தவர்களுக்கு, தன் வாடிக்கையாளர் யார் என்று எழுதி வைத்த நோட்டு இல்லை என்பதுதான் விஷயம்.

திண்ணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புது ஆள் கண்ணில் பட அதுதான் இடம். ஆனால் திண்ணை அடுத்தவனுடையது. அவன் எப்போது வேண்டுமானாலும் பாயைச் சுருட்டலாம். மின்னஞ்சல் முகவரி, போன் நம்பர் என்று வாடிக்கையாளரே மனசார எழுதிக் கொடுத்த பட்டியல்தான் நமக்குச் சொந்தம். மடல் அனுப்பும் சேவை மூடினாலும் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு இடம் போகலாம். அதிலும் ஒரு கண்டிஷன்: கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாமும் துர்க்தான்.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். அண்ணாச்சி தலையாட்டினார். புரிந்ததா, போரடித்ததா தெரியவில்லை. பையில் இருந்து நோட்டை எடுத்து, என் பேர் இருந்த பக்கத்தைத் திருப்பினார்.

"அப்போ உங்க மெயில் ஐடியைச் சொல்லுங்க தம்பி, எழுதிக்கிடுதேன்."

'கருப்பட்டி 2 கிலோ'வுக்குக் கீழே இப்போது அதுவும் இருக்கிறது.