மேனிங் சொரசொரப்புக் கெழு (முக்கொம்பு)

ஆற்றின் படுகையும் கரையும் நீரோட்டத்தைத் தடுக்கும் அளவைச் சொல்லும் எண். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங்கின் பெயரால் வழங்குவது. சரிவும் ஆழமும் மாறாதிருக்க, இந்த எண் இருமடங்கானால் நீரின் வேகம் பாதியாகும்.

1836–38இல் ஆர்தர் காட்டன் முயற்சியால் எழுந்த மேலணை முக்கொம்பில் உள்ளது. அங்கே காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் ஆறே வெள்ளத்தின் பெரும்பங்கைச் சுமக்கிறது. அதன் குறுக்குவெட்டு முழுவதற்கும் ஒரே எண்ணைப் போடுவது பெரும் பிழை. வெறும் மணலோடைக்கு 0.025 முதல் 0.035 வரை பொருந்தும். புதர் அடர்ந்த திட்டுக்கு 0.1ஐயும் தாண்டலாம். நாணல் பெருவெள்ளத்தில் சாய்ந்து படுத்துவிடும். சீமைக்கருவேலமோ நிமிர்ந்து நின்று, மிதந்து வரும் செத்தையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே வகையாகக் கணக்கிடக் கூடாது. மணற்படுகையிலும் ஓட்டம் வலுக்கும்போது மணல்மேடுகள் கரைந்து தடை குறைவதுண்டு.

அட்டவணை மதிப்பு தொடக்கம் மட்டுமே. அளந்த வெள்ளமட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் அதைத் திருத்த வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை வைத்துத் திருத்துவோருக்குக் கூடுதல் கவனம் தேவை: 22ஆம் தேதி இரவு மேலணையின் கொள்ளிடம் மதகுகள் உடைந்தன. அதனால் மாறிய நீர்ப்பங்கீட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்த வேறுபாடும் சொரசொரப்பின் தலையில் விழும்.