ஹாண்டிலில் தொங்கும் அலங்காரம்: கையெட்டும் தூரத்தில் ஓர் ஆபத்து

கடந்த மாரியில் ஒரு நாள் பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியால் போய்க்கொண்டிருந்தேன். விசுவமடுவைத் தாண்டியதும் மாடொன்று குறுக்கே வந்தது. எக்ஸிலேட்டரை விட்டேன். ஆனால் வேகம் குறையவில்லை. பழைய உரிமையாளர் கைபிடிக்கு மேல் அழகுக்காகப் போட்டிருந்த ஸ்பொஞ்ச் உறை மழையில் நனைந்து உள்ளே நகர்ந்து, சுவிட்ச் பெட்டியோடு இறுகியிருந்தது. கிளச்சைப் பிடித்து மணல் ஓரத்தில் இறக்கியதால் தப்பினேன்.

அதன்பிறகுதான் மற்றவர்களின் ஹாண்டில்களையும் கவனிக்கத் தொடங்கினேன். குஞ்சம், ரிபன், தடித்த உறை, வண்ண லைற், சின்னக் கண்ணாடி. எல்லாம் சில நூறு ரூபாய்ச் சாமான்கள். ஆனால் பிரேக், கிளச், எக்ஸிலேட்டர், சிக்னல் எல்லாம் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

குஞ்சமும் ரிபனும்: காற்றில் பறந்து லீவருக்கும் கைபிடிக்கும் நடுவே சிக்கும். பிரேக் முழுதாகப் பிடிபடாது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வினாடி தாமதித்தால், மோட்டார் சைக்கிள் ஏறத்தாழ 17 மீற்றர் முன்னே போய்விடும்.

தடித்த உறை: சிறிய கை உள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, விரல் லீவரை எட்டாது. எட்டினாலும் பிரேக் முழுதாகப் பிடிக்கும் முன்னரே லீவர் உறையில் முட்டிவிடும்.

வண்ண லைற்: பியூஸ் இல்லாமல் ஹெட்லைற் வயரில் ஒட்டுப்போட்டு எடுக்கிறார்கள். ஹாண்டில் திரும்பும்போதெல்லாம் அந்த வயர் உரசித் தோல் உரியும். ஒருநாள் சோர்ட் ஆனால் ஹெட்லைற்றும் அணைந்துவிடும். தெருவிளக்கில்லாத வன்னி வீதியில், யானையும் மாடும் நிற்கும் இரவில், அதன் அர்த்தம் நமக்குத் தெரியும்.

ஹாண்டில் முனை: அலங்காரம் மாட்டுவதற்காக முனையிலுள்ள மூடியைக் கழற்றினால் வெறும் குழாய்தான் மிஞ்சும். விழும்போது அது வயிற்றைக் குத்திக் கிழிக்கக்கூடும்.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் கும்பிட்டுக் கட்டும் நூலை அவிழ்க்கச் சொல்லவில்லை. கைபிடியில் கட்டாமல், கண்ணாடித் தண்டில் முடிச்சை இறுக்கி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். அலங்காரம் வேறு, தேவை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். ஷெல்லில் இடக்கை விரல்கள் மூன்றை இழந்த என் மாமா, கராஜில் கிளச் லீவரை வளைத்துத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறார். அந்த மாற்றம் இல்லாவிட்டால் அவருக்குத் தொழிலே இல்லை. "எனக்கு இருக்கிற விரலுக்கு இடைஞ்சலாய் ஒண்டும் தொங்கக்கூடாது தம்பி" என்பார்.

இன்று வீட்டிலேயே பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி எக்ஸிலேட்டரை முறுக்கி விடுங்கள். அது தானாக 'டக்' என்று திரும்ப வேண்டும். லீவர்களை இறுதிவரை பிடியுங்கள். எதிலும் முட்டக்கூடாது. பின்னர் நியூட்ரலில் எஞ்சினை இயக்கி, ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் கூடினால் ஏதோ கேபிளை இழுக்கிறது என்று அர்த்தம். உடனே கராஜில் காட்டுங்கள்.

எங்கள் வீடுகள் பலவற்றில் உழைப்பவர் ஒருவர்தான். அவர் ஏறிப்போகும் மோட்டார் சைக்கிளும் ஒன்றுதான். என் ஸ்பொஞ்ச் உறையை அன்றைக்கே, அந்த மணல் ஓரத்திலேயே, பிளேட்டால் வெட்டி எறிந்துவிட்டேன்.