கடைமடை வரை பாயும் அன்பு



அன்பே கிறிஸ்தவ வாழ்வின் அடித்தளம் என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். அது எத்தகைய அன்பு? கிரேக்க மொழியில் எழுதப்பட்ட புதிய ஏற்பாடு, இறைவனின் அன்பைக் குறிக்க 'அகாப்பே' என்ற சொல்லையே பெரிதும் பயன்படுத்துகிறது. திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2005-இல் கிறிஸ்து பிறப்பு நாளன்று கையெழுத்திட்ட தமது முதல் சுற்றுமடலில், பிறர் நன்மையை நாடி அதற்காகத் தியாகம் செய்ய முன்வருவதே இவ்வன்பின் இயல்பு என விளக்குகிறார்.

நம் தஞ்சைப் பகுதியில் திருமணம், காதணி விழா என்றால் மொய் எழுதுகிறோம். நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வராவிட்டால் மனத்தாங்கல்தான். மொய் தவறான பழக்கம் அல்ல. பணமுடை நேரத்தில் கைகொடுக்கிறது. ஆனால் அதுவே அன்பாகிவிடாது. கைம்மாறு செய்ய இயலாத ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் விருந்துக்கு அழைக்கச் சொல்கிறார் இயேசு (லூக் 14:12-14).

உழவர்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். கல்லணையில் பிரியும் தண்ணீர் பூதலூர் வட்டார வயல்களோடு நின்றுவிடக் கூடாது. கடைமடைக்கும் போய்ச் சேரவேண்டும். மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். நம் முறை முடிந்ததும் மடையை அடைக்க வேண்டும். நம் பயிரும் இன்னும் தண்ணீர் கேட்கும். கடைமடையில் பயிரிடுபவர் யாரென்றும் தெரியாது. அவர் நமக்கு நன்றி சொல்லப்போவதும் இல்லை. ஆனாலும் அடைக்கிறோம். மிஞ்சியதைக் கொடுப்பது எளிது. தனக்கே தேவைப்பட்ட இரண்டு காசுகளைப் போட்ட ஏழைக் கைம்பெண்ணைத்தான் ஆண்டவர் சுட்டிக்காட்டினார் (மாற் 12:41-44).

இந்த அன்பு பகைவரையும் விட்டுவைப்பதில்லை. கேரளத்தில் பிறந்த பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபை அருள்சகோதரி இராணி மரியா, மத்தியப் பிரதேசத்தில் ஏழை உழவர்கள் கந்துவட்டிப் பிடியிலிருந்து மீள உழைத்தார். அதற்காகவே 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்தில் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவரை 2002-இல் சிறையில் சந்தித்த அவருடைய தங்கை, அருள்சகோதரி செல்மி பால், ராக்கி கயிறு கட்டி அவரைத் தம் சகோதரராக ஏற்றுக்கொண்டார். குடும்பமே மன்னித்தது, விடுதலைக்கும் துணைநின்றது. அவர் 2006-இல் விடுதலையானார். இராணி மரியா 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அருளாளராக உயர்த்தப்பட்டார். உயிரிழந்த குடும்பத்துக்கு அந்த மனிதரால் எதைத் திருப்பித் தர முடியும்?

நம் வாழ்வில் கடைமடையில் நிற்பவர் யார்? வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட உடன்பிறப்பா? நடவுக்கு வந்து கூலி பாக்கிக்காகக் காத்திருக்கும் தாயா? வேறு தெருவில் வாழ்வதாலேயே நாம் வீட்டுக்குள் அழைக்காதவரா? நம் மொய் நோட்டில் பெயர் இல்லாத ஒருவரை இந்த வாரம் தேடிச் செல்வோம். நம்மிடமிருந்து எதையும் எதிர்பாராமல் தம்மையே கையளித்த ஆண்டவர், அதற்கான மனத்தை நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.